சம்பந்தியம்மா கை காட்டினா

பரவாயில்ல சார், ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க. நான் இந்தப் பக்கம் இருந்துக்கறேன். பை மட்டும் மடியிலயே இருக்கட்டும். மேல வைக்க முடியாது. உள்ள லேப்டாப். திறந்து பாத்தா வேட்டி, சட்டை, துண்டுதான் தெரியும். கைய விட்டுத் துழாவினாத்தான் ஆள் அகப்படும். ஏன் இப்படித் திருட்டுத்தனமாக் கொண்டுபோறேன்னா, இன்னிக்கு என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்.

முழிக்காதீங்க, சொல்றேன். இந்த பஸ்ஸு டோல்கேட் போற வரைக்கும் நமக்கு வேற என்ன வேலை?

என் பேரு கோமதிநாயகம். தொழில் என்னன்னா, ஆளுங்க மேல வண்டி ஏத்தறது. அட, உக்காருங்க சார், எங்க எந்திரிக்கிறீங்க? கம்ப்யூட்டர்ல சார், கம்ப்யூட்டர்ல!

வண்டி செய்யறவங்களுக்கு நாங்க இதைப் பண்ணிக் குடுக்கறோம். புதுசா ஒரு காரோ லாரியோ வருதுன்னு வைங்க. அது ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே, நடந்து போற ஒருத்தன் மேல மோதினா அவன் முழங்கால் என்ன ஆகும், இடுப்பு என்ன ஆகும், மண்டை எங்க போய் அடிக்கும்னு பாத்துச் சொல்லிடுவோம். அதுக்கேத்த மாதிரி பம்பரை மாத்துவாங்க, பானெட்டை மெத்துன்னு ஆக்குவாங்க. புண்ணியமான வேலை சார். வெளிய சொன்னாத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

அதுல என் பங்கு என்னன்னா, தொடறது. கம்ப்யூட்டருக்குத் தொடறதுன்னா என்னன்னே தெரியாது சார். சும்மா விட்டா லாரி நேரா ஆளுக்குள்ள புகுந்து அந்தப் பக்கமா வந்துடும். ஆளும் நிப்பான், லாரியும் போயிட்டே இருக்கும். பேய் மாதிரி. நாமதான் சொல்லிக் குடுக்கணும். ஏம்ப்பா, தொட்டாச்சு, இதுக்கு மேல உள்ள வராத, வந்தா தள்ளுவேன், எவ்வளவு வர்றியோ அவ்வளவு தள்ளுவேன். இப்ப நீங்க தூங்கி என் தோள்ல சாயறீங்க. லேசா சாஞ்சா நான் லேசாத் தள்ளுவேன். ரொம்ப சாஞ்சா, இப்படி! வலிச்சுதா? அதேதான். அதுக்குப் பேரு கான்டாக்ட் ஃபோர்ஸ். அந்தத் தள்ளு எவ்வளவு விறைப்பா இருக்கணும்னு ஒரு நம்பர் போடணும். குறைச்சலாப் போட்டா பம்பர் கொழகொழன்னு முழங்காலுக்குள்ள போயிடும். கூடப் போட்டா, தொட்டதும் வெடிச்ச மாதிரி ஆளு ஒரு பக்கம் வண்டி ஒரு பக்கம் பறக்கும். நடுவுல சரியா ஒரு நம்பர் இருக்கு பாருங்க, அதைத் தேடறதுதான் என் பொழப்பு. எங்க மேனேஜர் டைட்டஸ் மூக்காலதான் பேசுவாரு. "நாயகம், கான்டாக்ட்டுக்கு உன்னை விட்டா ஆளே இல்லைய்யா." லீவு கேட்டா மட்டும் அந்த மூக்கும் அடைச்சுக்கும்.

என் வீட்டுக்காரி செண்பகம் வேற மாதிரி சொல்லுவா. "ஊரு பம்பருக்கெல்லாம் எப்படித் தொடணும்னு பாடம் நடத்தறாரு. மனுஷங்களுக்கு எங்க தொட்டா வலிக்கும்னு மட்டும் இவருக்குத் தெரியாது." இது எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல சார். நான் யாரைத் தொட்டேன்?

சரி, விஷயத்துக்கு வரேன். என் பொண்ணு சங்கமித்ரா. அவ ஆபீஸ்லயே வேலை பாக்கற பையன் முகிலன். ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு. நல்ல பையன், வாயத் திறந்தா "சரிங்க மாமா"தான். அவங்க ஊரு இந்த ரோட்டுலயே, வேலங்காடு. அவங்கப்பா கல்யாணசுந்தரம்னு பேரு, அவரு பேசி யாரும் கேட்டதில்ல. பேசறதுக்கு அவசியமே வரல. அம்மா ஆவுடையம்மா, ரிட்டயர்டு தலைமை ஆசிரியை. வீட்டுக்குள்ள வர்றப்பவே செருப்பு வரிசையா இருக்கான்னு பாத்துட்டுத்தான் வந்தாங்க.

முதல் தடவை பொண்ணு பாக்க வந்தப்போ பேச்சு எப்படியோ ரோட்டுப் பக்கம் போச்சு. அந்தம்மா சொல்றாங்க. அவங்க குரல்லயே சொல்றேன் கேளுங்க. "எங்க ஊருக்கு நடுவுல நாலுவழிச் சாலை போகுது சம்பந்தி. பள்ளிக்கூடம் இந்தப் பக்கம், ஊரு அந்தப் பக்கம். பாலம் கேட்டோம், கிடைக்கல. நான் என்ன பண்ணேன்? தினம் சாயங்காலம் நடு ரோட்டுல போய் நின்னு இப்படிக் கையக் காட்டுவேன். பஸ்ஸு நிக்கும், லாரி நிக்கும், டேங்கர் நிக்கும். பிள்ளைங்க வரிசையாக் கடந்து போகும். என் கையத் தாண்டி ஒருத்தன் போனது கிடையாது." சொல்லிட்டு அங்கயே கையத் தூக்கிக் காட்டினாங்க சார். காப்பித் தட்டோட வந்த செண்பகம் அப்படியே நின்னுட்டா.

நீங்களே சொல்லுங்க, விஷயம் தெரிஞ்சவன் சும்மா இருக்க முடியுமா? நான் மரியாதையாத்தான் சொன்னேன். "அம்மா, லாரிங்கறது எடை இன்டு வேகம். உங்க மணிக்கட்டுங்கறது எட்டு சின்ன எலும்பு." செண்பகம் என் பாதத்துல மிதிச்சா. சரின்னு விட்டுட்டேன். வாயத்தான் விட்டேன். மனசு விடல.

அந்த சமயம் பாத்து எங்க ஆபீஸ்ல குடும்ப தினம் வந்துச்சு. வருஷத்துல ஒரு நாள் பொண்டாட்டி பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் காட்டலாம், கேக் வெட்டுவாங்க, பலூன் கட்டுவாங்க. சம்பந்தி வீட்டையும் கூப்பிட்டேன். வர்றவங்களுக்கு மரியாதையா ஏதாவது செய்யணும்ல? மத்தவங்க என்ன காட்டுவாங்க? யாரோ வெளிநாட்டுக்காரன் அளவுல செஞ்ச பொம்மை, அது மேல ஒரு காரு. நான் என்ன பண்ணேன், சம்பந்தியம்மாவுக்காகவே தனியா ஒண்ணு பண்ணேன்.

அவங்க உயரம் எனக்குத் தெரியும், எங்க வீட்டு ஃபிரிட்ஜ் பக்கத்துல நின்னாங்க. எடை கண்ணால பாத்தே போட்டுடுவேன், தொழில் அப்படி. எழுபத்தெட்டு. கையைத் தூக்கின மாதிரி வச்சேன். அது லேசான வேலைன்னு நினைக்காதீங்க. எங்க பொம்மை எல்லாம் கையைத் தொங்க விட்டுட்டுத்தான் சாகும். சேலை கட்டலாம்னு பாத்தேன், துணி எங்க தொடும் எங்க தொடாதுன்னு கம்ப்யூட்டர் திணறுது. அதனால அன்னிக்கு அவங்க கட்டிட்டு வந்த மாம்பழக் கலரை மட்டும் உடம்பு பூரா பூசி விட்டேன். கொண்டைக்கு ஒரு உருண்டை. எதிர்ல ஒரு லாரி.

முதல் தடவை ஓட்டினப்போ கைக்குப் போட்ட நம்பர் கூடிப் போச்சு. என்ன ஆச்சு தெரியுமா? லாரி வருது, உள்ளங்கை படுது, அவ்வளவுதான். லாரி மூக்கு நசுங்கி, அப்படியே பின்னாடி எகிறி, குட்டிக்கரணம் அடிச்சுப் போய் விழுது! அந்தம்மா அசையாம நிக்கறாங்க. டைட்டஸ் பாத்துட்டு மூக்காலயே சிரிச்சாரு. குப்பை சார் அது. கணக்குல இல்லாத சக்தி எங்கிருந்தோ வந்து குதிச்சிருக்கு. ஒதுக்கி வச்சேன். அழிச்சிருக்கணும். அழிக்கல. என் கெட்ட நேரம்.

அப்புறம் நம்பரைச் சரி பண்ணி ஓட்டினேன் பாருங்க, அழகா வந்துச்சு. அப்படி ஒரு சுத்தமான ரிசல்ட் நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல.

குடும்ப தினம். எல்லாரும் வந்தாங்க. பெரிய ஸ்க்ரீன் ரூம், லைட்டை அணைச்சேன். ஸ்க்ரீன்ல மேல பெரிய எழுத்துல பேரு: ஆவுடையம்மா, லாரி, ஃபைனல். அவங்க சிரிச்சாங்க சார், சத்தியமா முதல்ல சிரிச்சாங்க. "அட, எனக்கேவா?" அப்படின்னாங்க.

மெதுவா ஓட விட்டேன். நான் பக்கத்துல நின்னு குச்சியால காட்டறேன். "இப்பப் பாருங்கம்மா, முதல்ல உள்ளங்கை. மணிக்கட்டு போச்சா? அடுத்தது முழங்கை. இப்ப பம்பர் உங்க இடுப்புக்கு வருது. கவனிங்க, இடுப்பு உள்ள போறப்போ மேல் உடம்பு இப்படித் திரும்புது. கொண்டைதான் கண்ணாடியில முதல்ல படும்." ரூம்ல ஒரு சத்தம் இல்ல. அவ்வளவு ஈடுபாடு. டைட்டஸ் கேக்கோட வந்தவரு, அப்படியே திரும்பிப் போயிட்டாரு.

லாரி நின்னதும் அந்தம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "டிரைவர் எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு சார். படிச்சவங்கதான், ஆனா இந்தத் துறை தெரியாதுல்ல. "டிரைவருக்கு இதுல வேலை இல்லைங்கம்மா. அவரு எடையை லாரியோட சேத்துக்குவோம்"னு விளக்கமாச் சொன்னேன்.

அப்பத்தான் கல்யாணசுந்தரம் பேசினாரு. நான் சொன்னேனே, அவரு பேசி யாரும் கேட்டதில்லன்னு? அன்னிக்குக் கேட்டோம். நாற்காலியில கொஞ்சம் முன்னாடி நகந்து உக்காந்துட்டு, மெதுவாச் சொன்னாரு.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டேன் சார். கேட்டா போடாம இருக்க முடியுமா?

லைட்டைப் போட்டா அந்தம்மா நாற்காலி காலி. காப்பி அப்படியே ஆறிட்டு இருக்கு. செண்பகம் சுவத்தைப் பாத்து நிக்கறா. சங்கமித்ரா ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டு இருக்கா. முகிலன் மட்டும் "சரிங்க மாமா"ன்னுட்டு வெளிய ஓடினான்.

ரெண்டு நாள் கழிச்சு தகவல் வருது, ஜாதகத்தை இன்னொரு ஜோசியர்கிட்ட காட்டணுமாம். புரியுதுல்ல? கல்யாணம் நின்னு போற மாதிரி ஆயிடுச்சு. என் பொண்ணு சாப்பிடல, எங்கிட்ட பேசல. நான் உக்காந்து யோசிச்சேன், எங்க தப்பு வந்துச்சுன்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்தேன். கண்டுபிடிச்சுட்டேன். எடை! ஸ்க்ரீன் ஓரத்துல எழுபத்தெட்டுன்னு போட்டிருந்துச்சு. பொம்பளைங்களுக்கு அது பிடிக்காதுல்ல? உடனே போன் போட்டேன். "சம்பந்தியம்மா, மன்னிக்கணும். எடையில தப்பு பண்ணிட்டேன். அறுபத்தஞ்சு வச்சு மறுபடி ஓட்டித் தரேன். லேசா இருந்தா இன்னும் கொஞ்சம் தூரம் போய் விழுவீங்க."

போனை வச்சுட்டாங்க.

ஏன் சார் நெத்தியில அடிச்சுக்கறீங்க? கொசுவா?

அன்னிக்கு செண்பகம் பேசினது இருக்கே. "ஏங்க, அந்தம்மா தன் பெருமையைச் சொன்னாங்க. ஆமாங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு பஜ்ஜியைச் சாப்பிட்டா உங்க வாய் வெந்தா போகும்? அதைப் பொய்யின்னு காட்ட அவங்களையே கொன்னு காட்டணுமா? அதுவும் ரெண்டு தடவை?" நான் சொன்னேன், "ரெண்டாவது தடவை அவரு கேட்டாருடி." தலையணையால அடிச்சா. அது வலிக்காது, தலையணைக்கு நம்பர் ரொம்பக் குறைச்சல்.

இனிமேத்தான் சார் என் வயித்தெரிச்சல் ஆரம்பம். சங்கமித்ரா என் லேப்டாப்பை எடுத்து எதையோ நோண்டியிருக்கா. அந்தக் குப்பை இருந்துச்சு பாருங்க, லாரி குட்டிக்கரணம் அடிக்கறது, அதைப் பாத்துட்டா. "அப்பா, இது என்ன?" பல நாள் கழிச்சு பொண்ணு பேசறாளேன்னு சந்தோஷத்துல, "அது தப்பானது கண்ணு, தூக்கிப் போட்டுடு"ன்னேன். அவ எங்க தூக்கிப் போட்டா தெரியுமா? நேரா மாமியார் வாட்ஸாப்புக்கு.

அரை மணி நேரத்துல எனக்கு போன். "சம்பந்தி! இதை முதல்லயே காட்டியிருக்கலாம்ல? நான் கூட உங்களை என்னமோன்னு நினைச்சுட்டேன். சரியான குறும்புக்காரர் சம்பந்தி நீங்க!"

ஜோசியர் பிரச்சினை தீந்துச்சு. அவரு என்ன சொன்னாருன்னு கூட யாரும் கேக்கல. தேதி குறிச்சாச்சு. ஆனா அந்தக் குப்பை, சார், அந்தக் குப்பை ஊரெல்லாம் சுத்துது. முகிலன் அதுக்கு நாதஸ்வரம் வேற சேத்துட்டான். அந்தம்மா கை நீட்டறதுக்கும் தவில் அடிக்கறதுக்கும் சரியாப் பொருந்துது. வேலங்காட்டுல எல்லார் ஸ்டேட்டஸ்லயும் அதுதான். கீழ என்ன எழுதியிருக்கு? "சம்பந்தி கோமதிநாயகம் அவர்களின் விஞ்ஞான ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது." என் பேரு சார்! தப்பான நம்பருக்குக் கீழ என் பேரு! டைட்டஸ் மூக்காலயே போன் பண்ணி வாழ்த்தறாரு. இன்னிக்கு மண்டபத்துல பெரிய ஸ்க்ரீன்ல தட்டு மாத்தறதுக்கு முன்னாடி அதைப் போடப் போறாங்களாம்.

விடுவேனா? அதுக்குத்தான் இது. இந்த வேட்டிக்கு அடியில சரியான ரிசல்ட் இருக்கு. இன்னும் மெருகேத்தியிருக்கேன். கண்ணாடி நொறுங்கறது கூட இப்ப தெளிவாத் தெரியும். மண்டபத்துக்குப் போனதும் முதல் வேலை, ஒயரை மாட்டி, பத்து நிமிஷம் விளக்கம். அவ்வளவுதான் கேக்கறேன். செண்பகமும் பொண்ணும் நேத்தே போயிட்டாங்க. போறப்போ சொல்லிட்டுப் போனா, "லேப்டாப்போட வந்தீங்க, மண்டபத்துக்குள்ள விட மாட்டேன்." அதான் இந்த வேட்டி ஏற்பாடு.

வேணாம்ங்கறீங்களா? நீங்களுமா சார்? இவ்வளவு நேரம் கேட்டீங்களே, உங்களுக்குமா புரியல? எனக்கு அங்க ஆதரவே இல்லன்னு நினைக்காதீங்க. கல்யாணசுந்தரம் இருக்காரு. முந்தா நேத்து தனியா போன் பண்ணாரு. "சம்பந்தி, அன்னிக்கு ஆபீஸ்ல ரெண்டு தடவை போட்டீங்களே, அது இன்னும் வச்சிருக்கீங்கல்ல?" அப்படின்னு ரகசியமாக் கேட்டாரு. விஷயம் தெரிஞ்ச மனுஷன்.

இருங்க, போன். அவங்கதான்.

சொல்லுங்க சம்பந்தியம்மா. ஆங், வந்துட்டே இருக்கேன். இல்லைங்கம்மா, இது பைபாஸ் வண்டி, வேலங்காட்டுல நிக்காதாம். கண்டக்டர் முடியவே முடியாதுன்னுட்டாரு. டோல்கேட்ல இறங்கி ஆட்டோ புடிச்சு... அம்மா, வேணாம்மா. நீங்க ஏன்... அம்மா? அம்மா?

வச்சுட்டாங்க. "நீங்க உக்காந்து வாங்க சம்பந்தி, நிறுத்தறது என் பாடு"ங்கறாங்க. மண்டபம் ரோட்டு மேலயாம். சிரிப்பா வருது சார். இந்த பஸ்ஸு இப்ப என்ன வேகத்துல போகுது? எண்பது. இத்தனை பேரோட என்ன எடை இருக்கும்? இதுக்கு முன்னாடி ஒரு உள்ளங்கை. கணக்கு தெரியாம பேசறதுக்கும் ஒரு அளவு வேணாமா? சும்மா சொல்றாங்க, வர மாட்டாங்க. பட்டுப்புடவையோட யாராவது நடு ரோட்டுக்கு... வர மாட்டாங்க. வருவாங்களா?

இப்ப எங்க இருக்கோம்? அந்த போர்டு என்ன போட்டிருக்கு? வேலங்காடா?

சார், கொஞ்சம் தள்ளுங்க. அங்க பாருங்க. நடுவுல. மாம்பழக் கலர்.

டிரைவர்! அண்ணே! டிரைவரண்ணே! ஆள் நிக்குது! பிரேக் போடுங்கண்ணே! பொம்மை இல்லண்ணே அது, அம்மா, எங்க அம்மா அது, எங்க சம்பந்தியம்மா! அண்ணே!

...

ம்ம். ஒண்ணுமில்ல சார். மூக்குதான். முன்சீட்டுக் கம்பி. ரத்தமா? லேசாத்தான் இருக்கும். பை எங்க? என் பை? உங்க காலடியில... குடுங்க. நின்னுட்டானா? நின்னுட்டான்ல? அந்தம்மாவுக்கு ஒண்ணும்... கை இன்னும் தூக்கியேதான் இருக்கு. ஒண்ணும் ஆகல.

டிரைவர் கத்தறதைக் கேட்டீங்களா? "யோவ் கண்டக்டரு, அந்த ஆளை முதல்ல இறக்கி விடு. கையக் காட்டிட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்குது அந்தம்மா. மேல ஏத்திட்டா போக முடியும்?"

இது செல்லாது சார். நீங்களே பாத்தீங்கல்ல? இது டிரைவர் போட்ட பிரேக். கைக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல. பஸ்ஸுக்கும் கைக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கு பாருங்க, தொடவே இல்ல! தொடாம எப்படி சார் ஃபோர்ஸ் வரும்? இதையும் சேத்து மண்டபத்துல விளக்கணும். பதினஞ்சு நிமிஷம் ஆகும் போல. வரேன் சார். நாதஸ்வரம் கேக்குது. வரேன்.

இறங்கிட்டேன்மா, இறங்கிட்டேன். டிரைவரண்ணே, ரொம்ப நன்றிண்ணே. நீங்க ஓரமா வாங்கம்மா முதல்ல, இந்தப் பக்கம் வாங்க. ஆமாம்மா, நின்னுச்சு. ஆமாங்கம்மா. பாத்தேன், நல்லாப் பாத்தேன். மூக்கா? இடிச்சுக்கிட்டேன், ஒண்ணுமில்ல. பை எதுக்கும்மா, நானே தூக்கிக்கறேன். இல்லைங்கம்மா, பரவாயில்ல. சரி, பிடிங்க. பாத்து.

கனமா?

வேட்டிம்மா. பட்டு வேட்டிதான். கொஞ்சம் கெட்டிப் பட்டு.